ரிஜெக்ட் எங்கே போகிறது? உப்புத் தண்ணீரிலிருந்து கதிரியக்கத்தைப் பிரிக்கும் வேலை

2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட நொய்யலில் இறங்கக் கூடாது என்று ஆற்றுப் பாசன விவசாயிகள் நடத்திய நீண்ட வழக்கின் விளைவு அது.

அதற்கு ஆறு வாரம் கழித்து, மார்ச் 11 அன்று, ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் சுனாமி புகுந்தது. மின்சாரம் போனது, பம்புகள் நின்றன, மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. வேறு தண்ணீர் கிடைக்காமல் கடல்நீரையே உள்ளே இறைத்தார்கள். உருகிய எரிபொருளைத் தொட்டு வெளியே வந்த அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்தது, கதிரியக்கமும் இருந்தது.

இரண்டு ஊருக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் கொண்டுவந்து வைத்த இயந்திரம் ஒன்றுதான்: உப்பு நீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி நல்ல நீரைப் பிழிந்தெடுக்கும் ஆர்.ஓ. அதனால் ஃபுகுஷிமா தண்ணீரைப் பற்றிய செய்திகளைப் புரிந்துகொள்ள கொங்கு நாட்டுக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். ரிஜெக்ட் (சவ்வைத் தாண்டாமல் பின்தங்கும் கழிவுநீர்), எவாப்பரேட்டர் (அதைச் சுண்டவைக்கும் இயந்திரம்), மிக்ஸ்டு சால்ட் (கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு) என்ற சொற்களெல்லாம் இங்கே பொறியாளர் மட்டும் பேசுபவை அல்ல.

2023 ஆகஸ்ட் 24 முதல் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து, கடல்நீர் கலந்து நீர்க்கவைத்து, பசிபிக் கடலில் விட்டுவருகிறார்கள். உடனே சீனா ஜப்பானியக் கடலுணவு இறக்குமதிக்குத் தடை போட்டது. அதை ஒட்டி இரண்டு வகைக் குழப்பம் அடிக்கடி காதில் விழுகிறது. "ஆர்.ஓ. போட்டால் எல்லாமே போய்விடுமே, அப்புறம் எதற்குக் கடலில் விட வேண்டும்?" என்பது ஒன்று. "கதிரியக்கத்தைப் போய் வடிகட்ட முடியுமா, சும்மா ஏமாற்று" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இரண்டும் தவறாவது ஒரே இடத்தில்தான், அங்கிருந்தே தொடங்கலாம்.

சவ்வுக்குக் கதிரியக்கம் தெரியாது

கதிரியக்கம் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் தனிப்பொருள் அல்ல. சில அணுக்களின் கரு நிலையில்லாமல் இருக்கிறது. அது உடையும்போது கதிர் வெளிப்படுகிறது. ஒரு விநாடிக்கு ஓர் அணு உடைந்தால் அது ஒரு பெக்கரல். நம் உடம்பில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியம்-40 மட்டுமே நான்காயிரம் பெக்கரல் அளவில் உடைந்துகொண்டிருக்கிறது. ஆகவே பெக்கரல் என்ற சொல்லைக் கேட்டதும் பதறவும் வேண்டாம், எண் பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்தும் பயனில்லை. எந்த அணு, எவ்வளவு, எங்கே என்று பார்க்க வேண்டும்.

இருக்கும் அணுக்களில் பாதி உடைந்து தீரும் காலம் அரை ஆயுள். ஃபுகுஷிமா நீரில் அதிகம் பேசப்படுபவை:

1. சீசியம்-137. அரை ஆயுள் 30 ஆண்டு. உடலுக்கு வெளியே இருந்தே தாக்கும் காமாக் கதிர் இதன் வழியாக வருகிறது. வேதியியலில் பொட்டாசியத்தின் உறவுக்காரர்.
2. ஸ்ட்ரான்சியம்-90. அரை ஆயுள் சுமார் 29 ஆண்டு. கால்சியத்தின் உறவு, அதனால் உடலுக்குள் போனால் எலும்பில் போய் உட்காரும்.
3. டிரிட்டியம். அரை ஆயுள் 12.3 ஆண்டு. இது ஹைட்ரஜனேதான், கொஞ்சம் கனமான ஹைட்ரஜன். இவருக்குத் தனி அத்தியாயம் வேண்டும், பின்னால் வருகிறது.
4. இவை போக கோபால்ட்-60, ருத்தேனியம்-106, ஆன்டிமனி-125, அயோடின்-129 என்று ஒரு பட்டியல் உண்டு. ஜப்பானியர்களின் இறுதிச் சுத்திகரிப்பு அமைப்பு 62 வகைகளைக் குறிவைக்கிறது.

இந்த அணுக்கள் தண்ணீரில் பெரும்பாலும் அயனியாக, அதாவது மின்னேற்றம் உள்ள துகளாக, கரைந்து கிடக்கின்றன. சவ்வு அவற்றின் அளவையும் மின்னேற்றத்தையும் மட்டுமே பார்க்கும். கருவுக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாதாரண சீசியமும் கதிரியக்கச் சீசியமும் அதற்கு ஒன்றுதான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கிவைக்கும், அவ்வளவுதான், அழிக்காது. எந்த வடிகட்டியாலும் ஒரு பெக்கரலைக்கூட இல்லாமல் ஆக்க முடியாது. காலம் ஒன்றுதான் அதைச் செய்யும்.

எவ்வளவு குறைவான சரக்கு என்று பாருங்கள்

இந்த விஷயத்தில் நம் உள்ளுணர்வு ஏமாறுவது அளவில்தான். ஒரு கணக்குப் போடலாம்.

ஒரு கிராம் சீசியம்-137-ல் விநாடிக்குச் சுமார் 3.2 லட்சம் கோடி அணுக்கள் உடைகின்றன. ஒரு லிட்டர் நீரில் 10 லட்சம் பெக்கரல் சீசியம்-137 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது மோசமான கழிவுநீர். எடையில் பார்த்தால் அந்த லிட்டரில் இருக்கும் சீசியம்-137 ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே லிட்டர் கடல்நீராக இருந்தால் அதில் சோடியம் மட்டும் ஏறத்தாழ 10.8 கிராம். எண்ணிக்கையில், ஒரு சீசியம்-137 அயனிக்கு 20 கோடி சோடியம் அயனிகள். இந்தியாவின் மொத்த மக்கள்தொகையில் ஏழு பேரைத் தேடிப் பிடிப்பது போல.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. கடல்நீரில் இயற்கையாகவே, கதிரியக்கமில்லாத சீசியம் லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆக, நம் உதாரண நீரில் நல்ல சீசியமும் கெட்ட சீசியமும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. ஆனால் ஸ்ட்ரான்சியம் கதை வேறு. கடல்நீரில் சாதாரண ஸ்ட்ரான்சியம் லிட்டருக்கு 8 மில்லிகிராம். 10 லட்சம் பெக்கரல் ஸ்ட்ரான்சியம்-90 என்பது அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. வேதியியலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், பிரித்தறிய வழியே இல்லை. ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் நாற்பதாயிரம் பேரையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, அதே குணமுள்ள கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் நடுவில் நிற்கிறது. கடல்நீர் கலந்த கழிவில் சீசியத்தைவிட ஸ்ட்ரான்சியத்தை எடுப்பது ஏன் பெரும்பாடு என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சவ்வுகளில் நான்கு ரகம்

திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஏதாவது ஒன்றைச் சுற்றிப் பார்த்தவர்கள் வெள்ளைக் குழாய்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டிருப்பார்கள். உள்ளே இருப்பது சுருட்டிய சவ்வு. சவ்வுகள் துளையின் பருமனால் வேறுபடுகின்றன.

1. மைக்ரோ வடிகட்டல். துளை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும். சேறு, பாக்டீரியா நிற்கும். கரைந்தது எதுவும் நிற்காது.

2. அல்ட்ரா வடிகட்டல். துளை அதைவிடப் பத்து மடங்குபோலச் சிறியது. வைரஸ், பெரிய மூலக்கூறுகள், மிக நுண்ணிய தூசு நிற்கும். சீசியம் அயனி இதில் தாராளமாகப் புகுந்து போய்விடும். ஆனால் சீசியத்தை ஏதாவது தூளில் ஒட்டவைத்துவிட்டால் அந்தத் தூள் நிற்கும். இந்தத் தந்திரம் முக்கியமானது, திரும்ப வருவோம்.

3. நேனோ வடிகட்டல். துளை ஒரு நேனோமீட்டர் அளவில். இங்கே சல்லடை வேலையோடு மின்னேற்றமும் சேர்ந்துகொள்கிறது. சவ்வின் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர்மின் ஏற்றம் இருக்கும். இரட்டை மின்னேற்றம் உள்ள அயனிகளை இது நன்றாகத் தடுக்கும், ஒற்றை மின்னேற்றம் உள்ளவற்றைப் பெருமளவு விட்டுவிடும். சாயக் கழிவில் சல்பேட்டை நிறுத்திக் குளோரைடை அனுப்பப் பயன்படும் அதே குணம்தான், இங்கே ஸ்ட்ரான்சியத்தை நிறுத்திச் சீசியத்தை நழுவவிடுகிறது.

4. ஆர்.ஓ. இதில் துளை என்று சொல்லத்தக்க துளையே இல்லை. நீர் மூலக்கூறுகள் நெருக்கமான பாலிமருக்குள் கரைந்து நகர்ந்து மறுபக்கம் வருகின்றன. சோடியம், சீசியம், ஸ்ட்ரான்சியம் எல்லாமே பெரும்பாலும் பின்தங்கிவிடும்.

நேனோ சவ்வில் ஒரு விசித்திரம். சீசியம் அணு சோடியத்தைவிடப் பெரியது, கனமானதும்கூட. பிறகு ஏன் அது எளிதாக நழுவுகிறது? தண்ணீருக்குள் அயனி தனியாக நடமாடுவதில்லை, நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் நடமாடும். சோடியம் போன்ற சின்ன அயனி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சீசியம் தளர்வாகப் பிடிக்கிறது. போர்வையோடு அளந்தால் சோடியத்தின் ஆரம் 0.36 நேனோமீட்டர், சீசியம் 0.33, ஸ்ட்ரான்சியம் 0.41. பொட்டாசியமும் 0.33. அதாவது சீசியத்தையும் பொட்டாசியத்தையும் அளவை வைத்துப் பிரிக்கும் சல்லடை கிடையாது.

உப்பு செய்யும் மூன்று இடைஞ்சல்

நல்ல தண்ணீரில் கலந்த கதிரியக்கத்தை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. உப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

1. மின் தடுப்பு மங்கிவிடுகிறது. சவ்வின் மின்னேற்றம் அயனிகளை விரட்டுவது நீர் தெளிவாக இருக்கும்வரைதான். உப்பு நிறைந்த நீரில் எதிரெதிர் அயனிகள் வந்து சவ்வின் மேல் திரைபோல மூடிக்கொள்கின்றன. கூட்டத்தில் காவலாளியின் குரல் எடுபடாத நிலைமை. நேனோ வடிகட்டலின் பலம் இங்கே சரிகிறது.

2. அழுத்தம். உப்பு நீரிலிருந்து நல்ல நீரைப் பிழிந்தெடுக்க, முதலில் அந்த நீரின் சவ்வூடுபரவல் அழுத்தத்தை வென்றாக வேண்டும். கடல்நீருக்கு அது 27 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பாதி நீரைப் பிழிந்துவிட்டால் மிஞ்சும் நீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 70 கிராமாக ஏறும், தேவையான அழுத்தமும் அதற்கேற்ப இரட்டிப்பாகும். 70, 80 பாருக்கு மேல் சாதாரண ஆர்.ஓ. அமைப்புகள் தாங்காது. ஆக, கடல்நீர் என்றால் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

3. உறிஞ்சிகளில் இடப்போட்டி. சீசியத்தைக் கவர்ந்து வைத்துக்கொள்ளும் ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம்) போன்ற பொருள்களில் உட்காரும் இடங்கள் குறைவு. 20 கோடி சோடியமும் அந்த இடத்துக்கு முண்டியடிக்கும்.

இரண்டாவது இடைஞ்சலைச் சாயப்பட்டறைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் தெளிவாகும். டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் கரைந்த உப்பின் அளவு, 6,000 உள்ள கழிவுநீரிலிருந்து 85 சதம் நல்ல நீரை எடுத்தால் ரிஜெக்ட்டின் டி.டி.எஸ். 40,000 ஆகும். நூறு லிட்டர் பதினைந்து லிட்டராகச் சுருங்குகிறது. எவாப்பரேட்டருக்குப் போக வேண்டியது அது மட்டும். கடல்நீரில் நூறு லிட்டர் ஐம்பதாகத்தான் சுருங்கும். இத்தனைக்கும் அந்த அழுத்தத்தில் சீசியத்தின் பங்கு பூஜ்யம் என்றே சொல்லலாம். கரன்ட் செலவெல்லாம் சோறாக்கும் உப்புக்குத்தான் போகிறது. சீசியம் ஓசிப் பயணி.

99 சதம் என்றால் என்ன?

"99 சதம் கதிரியக்கத்தை நீக்கும் சவ்வு" என்று அவ்வப்போது ஆய்வுச் செய்திகள் வருகின்றன. கேட்க நன்றாக இருக்கும். நம் உதாரண நீரையே எடுத்துக்கொள்வோம்: லிட்டருக்கு 10 லட்சம் பெக்கரல் சீசியம்-137.

முதல் முறை 99 சதம் நீக்கினால் மிச்சம் 10,000 பெக்கரல். இரண்டாம் முறை 100. மூன்றாம் முறை 1. கடலில் விட ஜப்பான் வைத்திருக்கும் வரம்பு சீசியம்-137-க்கு லிட்டருக்கு 90 பெக்கரல், ஸ்ட்ரான்சியம்-90-க்கு 30. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு இரண்டுக்குமே 10. எனவே இரண்டு முறை வடித்தும் பற்றாது, மூன்றாம் முறை வேண்டும். ஃபுகுஷிமாவில் முதலில் வந்த நீரோ லிட்டருக்குப் பல கோடி பெக்கரல்.

அதனால்தான் அணுக்கழிவுக்காரர்கள் சதவீதத்தில் பேசுவதில்லை. நூறில் ஒன்றாக்கினால் நூறு, ஆயிரத்தில் ஒன்றாக்கினால் ஆயிரம் என்று மடங்கில் பேசுவார்கள். 99 சதமும் 99.9 சதமும் செய்தித்தாளில் பக்கத்துப் பக்கத்து எண்கள். உண்மையில் இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

என் பார்வையில் இந்த மடங்குகூட இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, நூறு லிட்டர் உள்ளே போனால் எத்தனை லிட்டர் அழுக்காக மிஞ்சுகிறது என்பது. ஆய்வுச் செய்திகளில் பெரும்பாலும் விடுபடுவது அந்த எண்ணே. திருப்பூரில் ஆர்.ஓ. போடும் யாரிடம் பேசினாலும் முதலில் கேட்பது ரிஜெக்ட் எத்தனை என்றுதான்.

ஃபுகுஷிமாவில் என்ன செய்தார்கள்

வரிசை இப்படி. 2011 ஜூனில் முதல் சீசியம் நீக்கும் அமைப்பு ஓடத் தொடங்கியது. ஜியோலைட் நிரப்பிய தொட்டிகள் வழியாக நீரை விட்டார்கள். ஆகஸ்டில் இரண்டாவது அமைப்பு சேர்ந்தது. சீசியத்தை முதலில் எடுக்கக் காரணம் உண்டு. காமாக் கதிர் சுவரைத் தாண்டி வரும், பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. ஆர்.ஓ. சவ்வு ஒரு வகைப் பிளாஸ்டிக். கதிர் தொடர்ந்து பட்டால் அதுவும் நைந்துபோகும்.

சீசியம் குறைந்த நீர் அடுத்து ஆர்.ஓ.வுக்குப் போனது. அங்கே ஆர்.ஓ.வின் வேலை கதிரியக்கத்தை நீக்குவது என்பதைவிட உப்பை நீக்குவது. கடலுப்பு கலந்த நீரை உலைக்குள் திரும்ப அனுப்பினால் இரும்பு அரிக்கும். நல்ல நீர் உலையைக் குளிர்விக்கத் திரும்பியது. ரிஜெக்ட்?

ரிஜெக்ட் தொட்டிகளுக்குப் போனது. எவாப்பரேட்டர் வைத்து அத்தனையையும் சுண்டவைக்க நேரமில்லை. நிலத்தடி நீர் வேறு நாள்தோறும் கட்டடங்களுக்குள் ஊறி, கழிவின் அளவைக் கூட்டிக்கொண்டே இருந்தது. அவசரத்துக்குப் போல்ட் போட்டு இணைத்த இரும்புத் தொட்டிகள் வரிசையாக எழுந்தன. சீசியம் எடுக்கப்பட்டுவிட்ட அந்த ரிஜெக்ட்டில் எடுக்கப்படாத ஸ்ட்ரான்சியம் இருந்தது, அதுவும் ஆர்.ஓ. செறிவாக்கிவிட்ட நிலையில். 2013 ஆகஸ்டில் அப்படிப்பட்ட ஒரு தொட்டியிலிருந்து 300 டன் கசிந்தது. ஸ்ட்ரான்சியம் போன்றவை உமிழும் பீட்டாக் கதிரியக்கம் லிட்டருக்கு 8 கோடி பெக்கரல். அணு நிகழ்வுகளுக்கான சர்வதேச அளவுகோலில் அது மூன்றாம் நிலை, அதாவது கடுமையான நிகழ்வாகப் பதிவானது.

உலை உருகியபோது வந்த நீரின் கசிவு அல்ல அது. சுத்திகரிப்பில் பின்தங்கிய நீர். ஆர்.ஓ. தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதாக இருக்காது: பாசனத்துக்கென்று கட்டிய அணையில் கடைசியில் சாயக் கழிவு தேங்கி, திறந்தாலும் வம்பு, மூடினாலும் வம்பு என்று கிடந்தது.

2013-ல் ஆல்ப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு ஓடத் தொடங்கியது. முதலில் இரும்பு உப்பையும் கார்பனேட்டையும் சேர்த்துச் சிலவற்றை வீழ்படிவாக்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் கால்சியமும் மக்னீசியமும் கணிசமாக விலகும், பின்னால் வரும் உறிஞ்சிகளுக்கு இடப்போட்டி குறையும். அந்தக் குழம்பைச் சவ்வு வடிகட்டியில் குறுக்காக ஓடவிட்டுப் பிரிக்கிறார்கள். அப்புறம் வெவ்வேறு உறிஞ்சிகள் நிரப்பிய தொட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சிலதைப் பிடிக்க.

ஆல்ப்ஸ் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்றும் இல்லை. தொட்டிகளில் இருக்கும் நீரின் பெரும்பகுதியில் டிரிட்டியம் அல்லாத மற்றவையும் வெளியேற்ற வரம்பைத் தாண்டி இருக்கின்றன என்று 2018-ல் தெரியவந்தது. தொடக்ககாலக் கோளாறுகளும், வேகமாக ஓட்ட வேண்டிய அவசரமும் காரணங்கள். அந்த நீரைத் திரும்பவும் சுத்திகரித்த பின்பே விட வேண்டும் என்று ஆனது. தொழில்நுட்பத்தில் இது திருத்தக்கூடிய கோளாறு. ஆனால் "எல்லாம் நீக்கியாயிற்று" என்று முதலில் நம்பியிருந்த மக்களிடம் அதற்குப் பிறகு எந்த எண்ணைச் சொன்னாலும் எடுபடவில்லை.

தூளில் ஒட்டவைத்துத் தூளை வடிப்பது

உப்பு நீரில் எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படும் வழி இது. உப்பை மொத்தமாகத் தூக்குவதற்குப் பதில், வேண்டியதை மட்டும் ஒரு தூளில் ஒட்டவைத்து, அந்தத் தூளை அல்ட்ரா சவ்வில் நிறுத்துவது. சோடியம் தன்பாட்டுக்குச் சவ்வைத் தாண்டிப் போய்விடும். ஆகவே 27 பாரை வெல்ல வேண்டிய கட்டாயம் இல்லை; சில பார் அழுத்தம் போதும்.

சீசியத்துக்குப் பொருத்தமான தூள் ஒரு நீலச் சாயம். பிரஷ்யன் நீலம் என்று பெயர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்தது. அதன் படிக அமைப்பில் சின்னச் சின்னக் கூண்டுகள் இருக்கின்றன. தளர்வான நீர்ப்போர்வையை உதறிவிட்டுச் சீசியம் அந்தக் கூண்டில் கச்சிதமாகப் பொருந்தும். சோடியம் தன் போர்வையை விடாது, ஆதலால் நுழையத் திணறும். நேனோ சவ்வில் நமக்குத் தொல்லை கொடுத்த அதே குணம் இங்கே உதவியாக மாறுகிறது. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் சீசியம்-137 பலர் உடலில் புகுந்தபோது, அதை வெளியேற்ற மருந்தாகக் கொடுத்ததும் இந்த நீலத்தைத்தான்.

சிக்கல், தூள் மிக நுண்ணியது. மணல் வடிகட்டியில் நிற்காது, தொட்டியில் அடைத்தால் நீர் ஓடாமல் அடைத்துக்கொள்ளும். அல்ட்ரா சவ்வு இந்த இடத்தில்தான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது.

இதே தத்துவம் பிரிட்டனின் செல்லாஃபீல்டில் 1994 முதல் பெரிய அளவில் ஓடியது. இரும்பு ஹைட்ராக்சைடு திரளில் புளூட்டோனியம், அமெரிசியம் போன்றவற்றை ஒட்டவைத்து அல்ட்ரா சவ்வில் பிரித்தார்கள். அவை கடலுக்குப் போவது நன்றாகக் குறைந்தது. ஆனால் தேங்கியிருந்த பழைய கழிவை அந்த ஆலை வழியாக விட்டபோது அதிலிருந்த டெக்னீசியம்-99 இரும்புத் திரளில் ஒட்டவில்லை. அது சவ்வைத் தாண்டி ஐரிஷ் கடலுக்குப் போனது, அங்கே நண்டு வகை உயிரினங்களில் தெரிந்தது, நார்வேவரை எதிர்ப்புக் கிளம்பியது. எதற்கென்று வைத்தார்களோ அதை மட்டுமே வடிகட்டி பிடிக்கும். பட்டியலில் பெயர் இல்லாதவர் அதன் பாட்டுக்குக் கடந்து போவார்.

டிரிட்டியம்: தண்ணீரே அதுதான்

சரி, டிரிட்டியத்துக்கு வருவோம். இதுவரை சொன்ன எல்லாமே தண்ணீருக்குள் கரைந்திருக்கும் வேறு பொருளைப் பற்றியது. டிரிட்டியம் தண்ணீருக்குள் இல்லை; தண்ணீர் மூலக்கூறின் ஓர் உறுப்பாகவே இருக்கிறது. அந்த மூலக்கூறுக்கு மின்னேற்றம் இல்லை, அளவும் மற்ற நீரைப் போலவே. ஆர்.ஓ. நீரை விடும், ஆகவே இதையும் விடும். வீட்டு ஆர்.ஓ. விற்பவர் என்ன சொன்னாலும் இதில் மாற்றமில்லை.

கனத்தில் உள்ள சிறு வேறுபாட்டை வைத்து, மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தோ மின்னாற்பகுத்தோ பிரிக்க முடியும். கனநீர் உலைகளில் அப்படிச் செய்வதுண்டு. அங்கே நீரின் அளவு குறைவு, டிரிட்டியம் செறிவு அதிகம். ஃபுகுஷிமாவில் அப்படியே தலைகீழ்: 13 லட்சம் டன் நீர், அதில் மொத்தம் இருக்கும் டிரிட்டியம் இரண்டு கிராம் சொச்சம்.

அதனால் நீர்க்கவைத்துக் கடலில் விடுவது என்று முடிவானது. கடல்நீரில் நூறு மடங்குக்கு மேல் கலந்து லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து, கடலுக்கடியில் ஒரு கிலோமீட்டர் சுரங்கம் வழியாக விடுகிறார்கள். ஆண்டுக்கு 22 லட்சம் கோடி பெக்கரல் என்பது உச்சவரம்பு. குடிநீரில் டிரிட்டியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10,000 பெக்கரல் என்பதோடு வைத்துப் பார்த்தால் 1,500 பயமுறுத்தும் எண் அல்ல. டிரிட்டியம் உமிழும் பீட்டாத் துகள் தோலைக்கூடத் தாண்டாத அளவு பலவீனமானது. இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது டிரிட்டியம் அல்ல, ஆல்ப்ஸ் வரம்புக்குள் கொண்டுவந்ததாகச் சொல்லும் மற்ற 62-ஐ ஒவ்வொரு தொட்டியிலும் யார், எப்படி அளக்கிறார்கள் என்பது. விவாதம் முழுவதும் டிரிட்டியத்தைச் சுற்றியே நடந்தது வருத்தத்துக்குரியது.

ஆவியாக்கும் சவ்வும் கல்பாக்கமும்

ஆய்வகங்களில் அதிகம் பேசப்படும் இன்னொரு வழி, சவ்வுக் காய்ச்சி வடித்தல். மழைக்கோட்டுத் துணிபோல நீரை விரட்டும் சவ்வு; ஒரு பக்கம் 60, 70 டிகிரி சூட்டில் கழிவுநீர், மறுபக்கம் குளிர்ச்சி. நீராவி மட்டும் தாண்டும், உப்பும் சீசியமும் பின்தங்கும். சவ்வூடுபரவல் அழுத்தம் இதில் பெரிய தடையில்லை, ஆர்.ஓ. கைவிடும் 70 கிராமுக்கு மேலும் ஓடும். அணு நிலையத்தில் வீணாகும் சூடு ஏராளம் என்பதால் பொருத்தமாகத் தோன்றுகிறது. சவ்வு நாளடைவில் நனைந்து கசிய ஆரம்பிப்பது இதன் பலவீனம். டிரிட்டியமும் நீராவியோடு போய்விடும்.

செய்திகளில் கலந்துபோகும் ஒன்றையும் இங்கே பிரித்துவிடலாம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு இணைந்து, நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை உண்டு. 45 லட்சம் காய்ச்சி வடித்து, 18 லட்சம் ஆர்.ஓ.வில். உப்பு, சவ்வு, அணு மூன்றும் அதிலும் இருக்கின்றன. ஆனால் அது கழிவைச் சுத்திகரிக்கும் ஆலை அல்ல. உலையின் சூட்டை மட்டும் கடன் வாங்கும் கடல்நீர் ஆலை.

கடைசியில் கையில் மிஞ்சுவது

திருப்பூரில் எவாப்பரேட்டரின் கடைசியில் கிடைப்பது மிக்ஸ்டு சால்ட். சோடியம் சல்பேட்டும் குளோரைடும் சாயத்தின் மிச்சமும் கலந்தது. பட்டறைக்குத் திரும்பிப் போகாது, வேறு யாரும் வாங்கமாட்டார்கள். மூட்டை கட்டிக் கொட்டகைகளில் அடுக்கிவைக்கிறார்கள்.

ஃபுகுஷிமாவில் அதற்கு இணையானவை:

1. வீழ்படிவுக் குழம்பு. ஆல்ப்ஸ் தொடங்கியதிலிருந்து ஆயிரக்கணக்கான தடித்த பிளாஸ்டிக் கலன்களில் சேர்ந்திருக்கிறது. ஸ்ட்ரான்சியம் நிறைந்தது, ஈரமானது. கதிரால் அந்தக் கலனே மெல்ல நலியும் என்பதால் வேறு கலனுக்கு மாற்றும் வேலையும் தொடர்கிறது.
2. சீசியம் நிரம்பிய ஜியோலைட் தொட்டிகள். இவை தடித்த இரும்புக் கவசத்துக்குள்.
3. பயன்முடிந்த சவ்வுகள். திருப்பூரில் சவ்வு அடைத்துக்கொண்டால் அமிலமும் காரமும் விட்டுக் கழுவுவார்கள், முற்றிலும் போனால் பழைய சாமான் கடைக்குப் போடுவார்கள். அணு நிலையத்தில் கழுவிய நீரும் கழிவு, கழற்றிய சவ்வும் கழிவு.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சீசியம்-137 முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பத்து அரை ஆயுள், அதாவது 300 ஆண்டு, கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஸ்ட்ரான்சியம்-90-உம் ஏறத்தாழ அப்படியே. அத்தனை காலம் காவல் காப்பதாக யார் உறுதி தர முடியும் என்பது வேறு விஷயம். கொட்டகை மூட்டைகளில் இருக்கும் சோடியம் சல்பேட்டுக்கு அரை ஆயுள் கிடையாது. முந்நூறு ஆண்டு கழித்து எடை போட்டாலும் இன்று போட்ட எடைதான் இருக்கும்.